போணி ஆச்சா?

அறுபது வயதைத் தாண்டியும் எதையும் முதல் ஆளாகச் செய்ய மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் என் கடைக்கு வாடிக்கையாளராக வாய்த்தது என் தலையெழுத்து. ஜவ்வாது மலையில், காவலூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அவர் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. 'ரெண்டாவது' என்று கேட்டால் பச்சைக்குழந்தைகூடக் கை காட்டும்.

எல்லாம் போணியால் வந்த வினை. இரண்டு கடைகளில் காலையில் முதல் வியாபாரம் இவர் கையால் நடந்ததாம். கறிக்கடை மூடிக்கொண்டது. சலூன்காரர் ஊரைவிட்டே போனார். அன்றிலிருந்து, வேறு யாராவது போணி பண்ணும்வரை எந்தக் கடைப் படியையும் மிதிக்க மாட்டார். "நம்முது ராசியில்லாத கை தம்பி. நீ புள்ளகுட்டிக்காரன்" என்று எதிரே புளியமரத்தடியில் நின்றுவிடுவார்.

நிற்கட்டும். உள்ளே வந்த பிறகுதான் என் தலைவலி ஆரம்பம். தனியாக இருந்தால் வாயே திறக்காத மனுஷன், நாலு பேர் சேர்ந்துவிட்டால் போதும், அடுத்தவர் மருந்துச் சீட்டை எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, உனுக்கும் மூலமா? குந்தவே முடியாதே!" என்பார், பஸ்ஸில் இருப்பவருக்கும் கேட்கும்படி. புதுமாப்பிள்ளை ஒருவன் தயங்கித் தயங்கி வருவான். இவரைப் பார்த்ததும், "இருமல் மிட்டாய் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு ஓடிவிடுவான். ஒருத்தருக்கும் இருமல் இல்லாத மாதத்தில்கூட என் கடையில் இருமல் மிட்டாய் தீர்ந்துபோகும். "சும்மா நில்லுங்கண்ணா" என்று கெஞ்சிக் கெஞ்சி எனக்கே அலுத்துவிட்டது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. கடைத்தெருவில் ஈ காக்கை இல்லை. ஷட்டரைத் தூக்கிவிட்டுத் திரும்பினால், புளியமரத்தடியில் ரெண்டாவது. தெப்பமாக நனைந்து, மார்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு வீசிங் உண்டு. ஸ்ப்ரே தீர்ந்துபோயிருக்கிறது.

"இன்னாண்ணா இது, உள்ள வாங்க!"

"போணி... ஆச்சா?"

"சாவப் போறீங்களா? வாங்கண்ணா!"

ஸ்ப்ரேயை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"காசு வேணாம், சும்மா புடிங்க!"

"ஓசியில போணியா? அது... இன்னும் மோசம்..."

உதடு நீலம் பாய்ந்திருந்தது. திரும்பக் கடைக்குள் ஓடி, தலைவலி மாத்திரை ஒன்றைக் கிழித்து, என் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்துக் கல்லாவில் போட்டு, மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு கத்தினேன்: "போணி ஆயிடுச்சு!"

"யாரு?"

"நான்தான்! தலைவலிக்கு! எல்லாம் உங்களாலதான்!"

யோசித்தார். யோசிக்கிற நேரமா அது! பிறகு மெல்ல நடந்து வந்து, படியேறி, ஸ்ப்ரேயை வாங்கி இழுத்தார். மூச்சு திரும்பியதும் பேசிய முதல் பேச்சு: "மொதலாளியே போணி பண்ணா கட வெளங்குமா தம்பி?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது அவர் செங்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். கடை அமைதியாக இருக்கிறது. புதுமாப்பிள்ளைகள் கேட்கவேண்டியதைக் கேட்டு வாங்கிப்போகிறார்கள். இருமல் மிட்டாய் டப்பா நிறைந்தபடி கிடக்கிறது. காலையில் மட்டும் போன் வரும்.

"தம்பி, போணி ஆச்சா?"

ஆகாவிட்டாலும் "ஆச்சுண்ணா" என்றுதான் சொல்வேன். அந்தப் போன் வராத காலையில் எனக்கு நிஜமாகவே தலை வலிக்கிறது.