நொண்டுகிற உரிமை

பெயர்ப்பலகையில் இரண்டு எழுத்தை மாற்றினால் போதும் என்றுதான் ஹாலேஷ் நினைத்தார். பெயிண்டர் ஏணியில் ஏறி இரண்டை அழித்து வேறு இரண்டைப் போட்டார். குண்டனஹள்ளி, குண்டெயஹள்ளி ஆயிற்று. குண்டன் என்றால் அந்தக் கன்னடச் சீமையில் தடியன் இல்லை, நொண்டி. குண்டெ என்றால் குட்டை.

காலையில் தாலுகா அலுவலகத்திலிருந்து வந்த போன் அப்படி. "நாளைக்கு உங்க ஊர்ல மாற்றுத்திறனாளிகள் ஓட்டப் பந்தயம். ஊருக்குள்ள நுழையறப்பவே நொண்டியூர்னு பலகை நிக்குது. பேப்பர்காரன் படம் புடிச்சான்னா நீங்கதான் பொறுப்பு."

ஹாலேஷ் அங்கே பஞ்சாயத்துச் செயலராக வந்து நான்கு மாதம். அதற்கு முன் இரண்டு வருஷத்தில் மூன்று மாறுதல். அவர் மனைவி இன்னும் பாத்திரப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. பிரித்தால் மறுபடி கட்ட வேண்டும் என்பது அவள் கணக்கு.

"குட்டை எங்க சார் இருக்கு?" என்றார் பெயிண்டர், ஏணியிலிருந்தே.

"வத்திப் போச்சு."

"எப்ப வத்துச்சுன்னு கேட்டா?"

ஹாலேஷ் பலகையின் அடியில் காலி இடத்தைக் காட்டினார். "அடியில ஒரு வரி சேர்த்துடுங்க. முன்னொரு காலத்தில் இங்கே பெரிய குட்டை இருந்ததுன்னு."

அந்த வரி காயும் முன்னே சென்னவீர கவுடர் வந்துவிட்டார். ஊரின் பெரிய தலை. எழுபதை நெருங்கியும் நெட்டுக்குத்தாக நடக்கிற ஆள். பலகையை இரண்டு தடவை படித்தார்.

"எங்க குண்டஜ்ஜனைக் குட்டையில தள்ளிட்டீங்களாமே."

"யாரைங்க?"

"எங்க வம்சத்துக்கு மூத்தவர். நொண்டிக் காலை வச்சுக்கிட்டே பாளையக்காரன் குதிரையோட பந்தயம் ஓடி ஜெயிச்சாரு. ஓடின தூரம் முழுக்க நிலமாக் குடுத்தாங்க. அப்படி உண்டான ஊர் இது. ஜாத்திரைக்கு ஜாத்திரை எங்க வீட்டு மூத்தவன் நொண்டிக்கிட்டே கோயிலை மூணு சுத்து வருவான். இப்ப நான் வர்றேன். நீங்க என்னடான்னா தவளை கத்தற குட்டைங்கறீங்க."

"மேலிடத்து உத்தரவுங்க."

"மேலிடத்துக்கு நாளைக்கு மைதானம் வேணுமில்ல? அது எங்க மண்ணு. சாவி என் இடுப்புல இருக்கு."

பழைய பெயரையே எழுத ஹாலேஷ் பெயிண்டரை மறுபடி ஏணியில் ஏற்றினார். தாலுகாக்காரர்கள் வந்தால் பலகைக்கு முன்னால் டிராக்டரை நிறுத்தி மறைத்துக்கொள்ளலாம். கவுடரின் கோபம்தான் தணிகிற வழியாக இல்லை.

"கவுடரே, நாளைக்கு மொத ஓட்டத்தை உங்க கையாலதான்..."

கொடியசைத்துத் தொடங்கி வைக்க வேண்டும் என்று முடிப்பதற்குள் கவுடர் முந்திக்கொண்டார்.

"ஓடணும், அவ்வளவுதானே. குண்டஜ்ஜன் பேரைக் காப்பாத்தறேன்."

முகம் மலர்ந்து போகிறவரைக் கூப்பிட்டுத் திருத்தாமல் ஹாலேஷ் டிராக்டர் தேடிப் போனார்.

மறுநாள் காலை இரண்டு வேன்களில் ஓட்டக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் செயலாளர் சுசீலவ்வா ஊன்றுகோலோடு முன்னால் வந்து, குறுக்கே நின்ற டிராக்டரைச் சுற்றிப் போய்ப் பலகையைப் பார்த்தாள். ஹாலேஷ் ஓடினார்.

"மன்னிச்சுக்கங்கம்மா, பழைய பேரு. மாத்தச் சொல்லி..."

"எதுக்கு மாத்தணும்? இந்தப் பேருக்காகத்தானே இந்த ஊரையே கேட்டு வாங்கினோம். எங்காளு ஒருத்தர் குதிரையை ஜெயிச்ச மண்ணு. எங்க புள்ளைங்க பாக்க வேணாமா?"

ஹாலேஷுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நேரமில்லை. மைதானத்தில் ஊன்றுகோல் ஓட்டத்துக்கான கோட்டில், மார்பில் ஏழாம் எண்ணைக் குத்திக்கொண்டு, புது வேட்டியில் கவுடர் ஒரு காலைச் சாய்த்து நொண்டியாக நின்றார்.

"அந்தப் பெரியவருக்கு எந்தக் கால்?" என்றாள் சுசீலவ்வா.

"அவருக்கு... பரம்பரையா."

"அப்ப டாக்டர்கிட்ட காட்டட்டும். சோதனை இல்லாம எங்க பந்தயத்துல யாரும் ஓட முடியாது. போன வருஷம் காது கேளாதவங்க ஓட்டத்துல ஒருத்தன் ஜெயிச்சான். மெடலைக் கழுத்துல போடறப்ப அவன் பாக்கெட்ல போன் அடிச்சுது. எடுத்து 'சொல்லுங்க மாமா'ன்னான். ரெண்டாவதா வந்த பொண்ணு மூணு வருஷமா விடியக்காலையில எழுந்து ஓடினவ. அப்புறம் ஓட வரவே இல்லை."

பள்ளிக்கூட அறையில் டாக்டர் ஃபர்ஹானா கவுடரைப் படுக்க வைத்து முட்டியை மடக்கினார், நீட்டினார், தட்டினார்.

"உள்ள வர்றப்ப இடது கால்ல நொண்டினீங்க. மேசைக்குப் போறப்ப வலது கால்ல நொண்டினீங்க."

"மாத்தி மாத்திதான் நொண்டணும். இல்லேன்னா இடுப்பு புடிச்சுக்கும்."

"கால் ரெண்டும் இருபது வயசுக் காலுங்க. அனுமதிக்க முடியாது."

கவுடர் வெளியே வந்தார், இந்த முறை நொண்டாமல். நேரே மைதான வாசலுக்குப் போய்க் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டார்.

"இந்த மண்ணுல நொண்டுற உரிமை எங்க வம்சத்துக்கு. கோயில் கல்லுலயே வெட்டி வச்சிருக்கு. நான் ஓடலேன்னா யாரும் ஓட வேணாம்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டக்காரர்கள் வேன் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஹாலேஷ் கண்ணுக்கு மனைவியின் பாத்திரப் பெட்டி தெரிந்தது, லாரி தெரிந்தது, அடுத்த ஊரின் பெயர்ப்பலகைகூடத் தெரிந்தது. தவிப்பில் வாயில் வந்ததைச் சொன்னார்.

"கல்லுல இருக்கறபடி நடந்துக்கலாமா?"

கவுடர் யோசிக்கவே இல்லை. "கல்லு சொன்னா நான் கட்டுப்படறேன்."

"உரிமைன்னு எழுதியிருந்தா, மெடலுக்கு வெளியே அவர் தனியா ஓடட்டும். நானும் கட்டுப்படறேன்," என்றாள் சுசீலவ்வா. "யார் படிக்கிறது?"

அங்கேதான் சிக்கல். கோயில் கல்லில் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். எழுத்து இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பழைய கன்னடம். ஊரில் ஒருவரும் படித்ததில்லை. படித்தவர்கள் சொல்லக் கேட்டவர்கள்கூட இல்லை.

"மல்லாரி வாத்தியாரைக் கூப்பிடுங்க," என்றது வேனுக்குள்ளிருந்து ஒரு குரல்.

மல்லாரி பார்வையற்றோர் ஓட்டத்துக்கு வந்தவர். பன்னிரண்டு வருஷம் முன்பு பார்வை போகும்வரை கல்லூரியில் பழைய கன்னடம் நடத்தியவர், கல்வெட்டு தேடி ஊர் ஊராக அலைந்தவர். சுசீலவ்வா அவர் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். கதவு பூட்டியபடி இருக்க, எல்லாரும் பின்னாலேயே போனார்கள்.

மல்லாரி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். கல்லை நனைத்துச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார். பிறகு விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டே போனார். முதல் வரி முடிய ஒரு யுகம் ஆயிற்று. ஹாலேஷ் தன் கட்டை விரல் நகத்தை முழுசாகக் கடித்து முடித்திருந்தார்.

"பந்தயம் நடந்தது நிஜம்," என்றார் மல்லாரி.

கவுடர் தோளில் துண்டைச் சரி செய்துகொண்டார்.

"ஜெயிச்சது உங்க முன்னோர்தான். பேரும் இருக்கு. நிலம் குடுத்ததும் இருக்கு."

"கேட்டுக்கங்க," என்றார் கவுடர் கூட்டத்தைப் பார்த்து. சுசீலவ்வாவின் முகத்திலும் பெருமை பொங்கியது.

மல்லாரியின் விரல் கடைசி வரியில் நின்றது. போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. அவர் தொண்டையைச் செருமினார்.

"ஊருக்கு ஏன் இந்தப் பேருன்னும் போட்டிருக்கு. ஆனா கவுடரே, நொண்டினது அந்தக் குதிரைதாங்க."