ஞாயிறானால் விரதம் இருக்கும் பிரிண்டர்

இருந்தவர்கள்: கணவன். மனைவி. கணவனின் அம்மா, காது மந்தம் என்று பெயர், வேண்டிய பேச்சு மட்டும் மூன்று சுவர் தாண்டியும் கேட்கும். பேச்சுமூச்சில்லாத ஒரு பிரிண்டர்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சிஸ்டம்காரன் இன்னும் வரவில்லை. அவனை வரவிடக்கூடாது என்பதுதான் கணவனுக்கு இன்றைக்கு இருந்த ஒரே வேலை.

"ஏங்க, பிரிண்டர் மறுபடியும் வரலை" என்றாள் மனைவி. "நாளைக்குப் பசங்களுக்குப் பரீட்சை. கேள்வித்தாள் எடுக்கணும். தம்பியைக் கூப்பிட்டுடறேன்."

தம்பியாம். கணவனுக்கு வயிறு எரிந்தது.

மனைவி வீட்டிலேயே டியூஷன் எடுப்பவள். அவளுடைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் அந்தச் சிஸ்டம்காரன். தன் மகள் இவளிடம் படிக்கிறாள் என்று சொல்லிக் கூலி வாங்குவதில்லை. கூலி வாங்காத ஆம்பளையை நம்பக்கூடாது என்பது கணவனின் கட்சி. அவன் வந்தால் விளிம்பு உடையாத கோப்பையில் காப்பி போகும். அவன் ஏதாவது சொல்வான், இவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கல்யாணமான புதிதில் கணவனும் பார்த்திருக்கிறான்.

வேவு பார்ப்பது தெரியாமல் வேவு பார்ப்பது லேசில்லை. கையில் ஏதாவது வேலை வேண்டும். போன ஞாயிறு கம்ப்யூட்டர் அறைக்கு எதிரே இருந்த தொட்டியில் வீட்டிலிருந்த அத்தனை பாத்திரத்தையும் தேய்த்தான். அதற்கு முந்தைய ஞாயிறு ஏணி போட்டு ஃபேன் துடைத்தான். மேலேயிருந்து இரண்டு பேரின் தலையும் நன்றாகத் தெரிந்தது. நடுவில் போதுமான இடைவெளி இருந்தது. அதுவே அவனுக்குச் சந்தேகமாகவும் இருந்தது.

இந்த வாரம் அவன் விடவில்லை. வீடியோ வீடியோவாகப் பார்த்துப் பாடம் படித்திருந்தான்.

"யாரும் வர வேணாம். நானே பாக்கறேன்."

"உங்களுக்கு லினக்ஸ் தெரியுமா?"

"ஏன், அது என்ன அவன் பாட்டன் சொத்தா?"

விஷயம் சுலபம்தான். 'நான் இங்கேதான் இருக்கேன்' என்று பிரிண்டர் வைஃபையில் குரல் கொடுக்கும். கம்ப்யூட்டருக்குள் ஃபயர்வால் என்றொரு காவல்காரன். அவன் அந்தக் குரலை உள்ளே விடாவிட்டால், பக்கத்து மேஜையில் இருக்கும் பிரிண்டரைக்கூடக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. உள்ளே விடச் சொல்லி ஒரு வரி தட்டினால் முடிந்தது.

கணவன் தட்டினான். மனம் முழுக்கச் சிஸ்டம்காரன் இருந்ததால், அனுமதிக்கச் சொல்லும் இடத்தில் கை தடுக்கச் சொல்லிவிட்டது. அதுவும் உள்ளே, வெளியே எல்லாவற்றையும்.

"இப்ப இன்டர்நெட்டும் போச்சு" என்றாள் மனைவி.

"அது ரவுட்டர் கோளாறு."

குண்டூசியால் ரவுட்டரின் முதுகில் இருந்த துளையைக் குத்தினான். ரவுட்டர் தன் பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மறந்து, புதிதாகப் பிறந்தது போல் கண் சிமிட்டியது.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "டேய், போன்ல ஓடிட்டிருந்த என் சீரியல் நின்னுபோச்சுடா! இப்பத்தான் அறைய கையை ஓங்கினா!"

"இரும்மா!"

மிச்சம் இருந்தது பிரிண்டர் ஒன்றுதான். அதன் பொத்தானை அழுத்திப் பிடித்தான். அது முக்கியது, முனகியது, வெறும் தாள்களாக உமிழ்ந்தது. கடைசியில் அதன் சின்னத் திரையில் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு மொழி வந்து உட்கார்ந்துகொண்டது.

மனைவி போனை எடுத்தாள்.

தெருமுனையில் காத்திருந்தவன் போல உடனே வந்து நின்றான் சிஸ்டம்காரன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இரண்டு தட்டு தட்டியவன் நிமிர்ந்தான்.

"அக்கா! இன்னிக்கு நிஜமாவே கெட்டுப்போயிருக்கு!"

மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கணவன் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனான்.

"அண்ணே, ரவுட்டரை யார் தொட்டது?"

"யாரு தொட்டா? தானா ஆயிருக்கும்."

"இவன்தான் ஊசியால குத்தினான்!" என்றது உள்ளறை.

காப்பி வந்தது. உடையாத கோப்பை. சிஸ்டம்காரன் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். மனைவி சிரித்தாள். கணவன் ஜன்னல் கம்பியை, அது செய்யாத குற்றத்துக்கெல்லாம் சேர்த்துத் தேய்த்தான். ஜன்னலிலிருந்து சரியாகக் கேட்கவில்லை என்று புத்தக அலமாரிக்கு மாறினான், தூசி தட்டினான். அங்கேயும் சரியாக விழவில்லை. கடைசியில் வாளியும் தண்ணீருமாக மண்டிபோட்டு, நாற்காலிக் கால்வரை தரையைத் துடைத்துக்கொண்டே போனான்.

"அண்ணே, காலைத் தூக்கிக்கவா?"

"தூக்கு."

பிரிண்டர் கனைத்தது. கேள்வித்தாள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. உள்ளறையில் ஓங்கிய கை கன்னத்தில் விழும் சத்தமும், "அப்படிப் போடு!" என்ற அம்மாவின் குரலும் கேட்டன.

"ஏங்க, குப்பை நிறைஞ்சிருக்கு" என்றாள் மனைவி.

கணவன் கூடையைத் தானாகவே தூக்கிக்கொண்டான். முன்னால் இறங்கிப்போய் நின்றால், சிஸ்டம்காரன் உண்மையிலேயே தெருவைத் தாண்டிப் போகிறானா என்று கண்ணால் பார்த்துவிடலாம். மாடிப்படியின் திருப்பத்தில், சுவரோடு ஒட்டி நின்றான். மேலே வாசலில் சிஸ்டம்காரன் செருப்பு மாட்டும் சத்தம். மனைவியின் வளையல் சத்தம். இதோ, இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். கணவன் மூச்சை அடக்கினான்.

"அக்கா, அடுத்த வாரம் பரணா, பாத்ரூமா?" என்றான் சிஸ்டம்காரன். "நான் செட் பண்ணி வச்சபடி எப்பவும் போல ஞாயித்துக்கிழமை காலையில ஃபயர்வால் தானா மூடிக்கும். பிரிண்டர் வரலைன்னு நீங்க குரல் குடுத்தா போதும், நான் வந்து சும்மா உக்காந்துட்டுப் போறேன். மிச்சத்தை அண்ணன் பாத்துப்பார்."

"பரண்" என்றாள் மனைவி.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.