அடைக்கலமேரி படித்த ஃபோர்க்லிஃப்ட் கோர்ஸ்

இனி இந்த ஜென்மத்தில் பரீட்சை எழுதுவதில்லை என்பது ஜெரால்டின் சபதம். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை குப்புற விழுந்தபோது எடுத்தது. எண்ணூர் கன்டெய்னர் யார்டில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போன பிறகு அதற்கு ஆபத்தே வரவில்லை. இப்போது கம்பெனி வேட்டு வைத்தது. போனிலேயே படித்து, பரீட்சையும் எழுதி முடிக்கிற குட்டி கோர்ஸ் ஒன்று. அந்தச் சர்டிபிகேட் இருந்தால்தான் அடுத்த மாதம் வண்டிச் சாவி. இல்லையென்றால் கேட்டில் நின்று லாரிக்குக் கொடி ஆட்ட வேண்டியதுதான்.

"சீனியருங்களுக்கு வாணாம்னுட்டாங்கமே" என்று ராயபுரத்து வீட்டில் புளுகி வைத்தான்.

மனைவி அடைக்கலமேரி தலையை ஆட்டிவிட்டு மீன் கழுவப் போனாள். மறுநாள் சாயங்காலம் போனோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த கோர்ஸ நான் படிக்கிறேன்யா. லேடீஸையும் வேலைக்கு எடுக்குறாங்களாம். ஒண்ணும் பிரியல, நீ சொல்லிக் குடு."

ஜெரால்டுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் இவள் ஃபெயில். அப்புறம் கோர்ஸ் என்ற பேச்சே வீட்டில் எழாது.

"லோடோட சரிவுல எறங்குனா முன்னாடி பாத்துதானே ஓட்டணும்?" என்றாள் மேரி.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். மனசு கேட்கவில்லை.

"அய்யே, ரிவர்ஸ்ல வரணும்மே. இல்லாங்காட்டி லோடு சரிஞ்சு ஆளயே கொன்னுடும்."

அதோடு சதி செத்தது. தினமும் மீன்குழம்பு ஆறிப்போகிற வரை பேசினான். "கேமரா வேலை செய்யுதா பாரு" என்று நடுநடுவே போனை நீட்டுவாள். பார்ப்பான். "என் கை மாவா கீது, நீயே அமுக்கு" என்பாள். அமுக்குவான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மேரி போனைக் காட்டினாள். பாஸ். மேலே அவன் போட்டோ, அவன் பெயர்.

"இன்னாமே இது? நீதானே படிச்ச?"

"பதிலு அத்தினியும் நீ சொன்னதுதானேயா? உன் தலைக்குள்ள கீறது அவங்களுக்கும் தெரியணும்ல. கம்பெனி மெசேஜ அன்னிக்கே பாத்துட்டேன்யா, பரீட்சைன்னு சொல்லியிருந்தா காசிமேடு வரைக்கும் ஓடியிருப்ப."

ஜெரால்டுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பெயருக்குப் பக்கத்தில் பாஸ் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் அவள்மேல் கொள்ளைப் பிரியம் வந்தது. கையைப் பிடித்துக்கொண்டான்.

"இத்தோட சரிமே. இனிமே என்னை ஏமாத்த முடியாது."

"சேச்சே, எதுக்கு?" என்றாள் மேரி. "ஆமா, கிரேன்ல கைய நீட்ட நீட்ட ஜாஸ்தி வெயிட் தூக்கும்ல?"

"அதெப்டி? நீட்ட நீட்ட கம்மியாத்தான் தூக்கும்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான் ஜெரால்ட்.

கிரேன் கோர்ஸ் ஆரம்பித்துவிட்டது என்பது அவனுக்கு உறைத்தபோது, மூன்றாவது கேள்விக்கும் பதில் சொல்லி முடித்திருந்தான்.