கரையில் கதறும் உறவுகள்

தலைப்பில் ஒரு எழுத்தும் மாற்றமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். ஊடகவியலாளன் என்றால் ரோசம் வேண்டும்.

"கற்பிட்டி மின்னல்" என்ற இணையச் செய்திப் பக்கம் என்னுடையது. அன்றைக்குப் போட்ட தலைப்பு இதுதான்: "நடுக்கடலில் நஜாத்தின் படகு! கரையில் கதறும் உறவுகள்!"

நஜாத் என் மனைவி ஷிஹாராவின் தம்பி. உள்ளே விபரம் சுத்தமாக இருந்தது. என்ஜின் நின்றுவிட்டது, வேறு படகு இழுத்து வருகிறது, எல்லாரும் சுகம்.

எழுதும்போது கரையில் ஒருத்தரும் கதறவில்லைதான். வாசித்த பிறகு கதறினார்கள். ஆகவே செய்தி உண்மை.

ஷிஹாரா செருப்பும் போடாமல் கடற்கரைக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு நஃபீஸா, சாவு விழுந்த மௌத்து வீடென்று நினைத்து, சோறும் பருப்பும் ஆக்கிக் கொண்டுவந்துவிட்டாள். நஜாத் இடுப்பில் நனைந்த சாரத்தோடு முற்றத்தில் வந்து நின்றதும், சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

சவூதியில் இருக்கும் அக்காவின் வீட்டிலிருந்து வந்த போனை வைத்துவிட்டு ஷிஹாரா என் பக்கம் திரும்பினாள்.

"சவூதியில ராத்தா மயங்கி விழுந்துட்டாவாம். மறுப்புப் போடுங்க."

"உள்ளுக்கு வாசிக்கச் சொல்லு, புள்ள."

"ஆர் உள்ளுக்கு வாசிக்கிற? தலைப்பப் பாத்தே என்ட உசிரு போயிட்டு."

"மறுப்ப மட்டும் ஆர் வாசிப்பாங்க?"

அவள் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் மாற்றிவிடலாம் போலிருந்தது. ஆனால் சத்தியம் பண்ணியாயிற்றே.

"அப்ப இது மௌத்து வீடுதான். மூணு நாளைக்கு அடுப்பு எரியாது."

"ஆரும் மௌத்தாகல்லியே!"

"உங்கட தலைப்புல ஆகிட்டாங்களே."

"அப்ப சோறு?"

"மௌத்து வீட்டுக்கு அக்கம்பக்கத்தால வரும்."

"வந்தது திரும்பிப் போயிட்டேடி!"

"அல்லாஹ் பெரியவன்."

சோறில்லாமல், கடைப் பாணும் பிளேன்டீயுமாக மூன்றாம் நாளும் வந்தது. போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு லுஹர் தொழப் போனேன். பள்ளியால் வெளியே வந்தால் ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. மீன் வியாபாரி அத்தாஉல்லா தன் போனை நீட்டினான். என் பக்கம்தான். நான் போட்ட எந்தச் செய்தியையும் இத்தனை பேர் பார்த்ததில்லை.

"பிரபல ஊடகவியலாளருக்கு மனைவி செய்த காரியம்! மூன்று நாளாகத் துடிக்கும் கணவர்!"

உள்ளே வாசித்தேன்.

"கடலில் ஒருவரும் மௌத்தாகவில்லை. நஜாத் சுகம். முந்திய தலைப்பு பிழை, மன்னிக்கவும். கணவர் பாண் தின்கிறார். மனைவி மூன்று நாளும் தம்பி வீட்டில் பிரியாணி சாப்பிட்டார்."