பட்டம்மாளுக்கு வாய்த்த எருமைத்தோல் சீட்டு

அருணகிரிக்கு உலகத்தில் இரண்டே விஷயங்களில்தான் அலாதிப் பெருமை. ஒன்று, வேலூர் தோல் மண்டி ஒன்றில் அவர் குமாஸ்தா. இன்னொன்று, அந்த மண்டி வாசலில் தொங்கிய போர்டு. என்ன எழுதலாம் என்று முதலாளி ஜியாவுதீன் யோசித்தபோது, 'தோல் வியாபாரம்' என்று கம்பீரமாக எடுத்துக் கொடுத்தவர் அவரே. பெயிண்டர்தான் நடுவில் இடம் விடாமல் 'தோல்வியாபாரம்' என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போனான். ஊரில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அருணகிரியின் மனைவி பட்டம்மாள் மட்டும் படித்துப் பார்த்து லேசாகச் சிரித்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மனைவி சிரித்தால் காரணம் கேட்கக் கூடாது என்கிற அளவுக்கு அவருக்குக் குடும்ப அனுபவம் இருந்தது.

பட்டம்மாள் மருத்துவச்சி வேலைக்குப் படித்துத் தேறியவள். டவுன் டிஸ்பென்சரியில் வேலை. ஒரு நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது கூடவே ஒரு லேடீஸ் சைக்கிளும் வந்தது.

"இன்னா இது?"

"சைக்கிள்."

"அது தெரியுது. நம்ம வூட்டுக்கு இன்னாத்துக்கு வந்துது?"

"கணவாய் மேட்டுக்கு அந்தாண்ட இருக்கற ஊருங்களுக்குப் பிரசவம் பார்க்க ஆள் வேணுமாம். மாட்டு வண்டி போய்ச் சேர்றதுக்குள்ள கொழந்தை பொறந்து தவழ ஆரம்பிச்சுடுதாம். பொங்கல் கழிச்சு டாக்டரம்மா வருவாங்க. சைக்கிள்லேர்ந்து கால் ஊணாம மேடு ஏறிக் காட்டறவங்களுக்கு அந்த வேலை. டிஸ்பென்சரியில ஆளுக்கு ஒரு சைக்கிள் குடுத்திருக்காங்க. நானும் நர்ஸு விஜயகுமாரி அக்காவும் கத்துக்கப் போறோம்."

அருணகிரி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிரசவம் பார்க்கும் ஊர்களைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. இவள் விடிவதற்கு முன்பே சைக்கிள் ஏறிப் போய்விட்டால், கண் விழித்ததும் காபி எங்கிருந்து வரும்? அடுப்பு தானாகவா எரியும்? நேராகக் 'கூடாது' என்று சொல்லிவிடலாம். கண்ணாடி முன்னால் நின்று அதைப் பலமுறை சொல்லியும் பார்த்திருக்கிறார். கண்ணாடி முன்னால் நன்றாகத்தான் வந்தது.

"உனக்கு ஏத்தம் ஜாஸ்தி, பட்டம்" என்றார், பட்டும் படாமலும்.

"எனக்கா, மேட்டுக்கா?"

"ரெண்டுக்கும்தான். மலை ஏறறதெல்லாம் பொம்பளைங்க காரியமா?"

"ஒரு கிரியையே கட்டிக்கினு இத்தினி வருஷம் சமாளிக்கிறேன். ஒரு மேடு ஏற மாட்டேனா?"

அருணகிரிக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வரும்போது அவருக்கு அறிவு வெளியூர் போய்விடும். "சரி! நீ கால் ஊணாம அந்த மேட்டை ஏறிடு. மறுநாள்லேர்ந்து இந்த வூட்டு அடுப்பு என் பொறுப்பு. நானே ஊதிப் பத்த வெச்சு, காபி போட்டு உன் கையில தர்றேன்!"

அந்த நேரம் பார்த்து விஜயகுமாரி வாசலில் வந்து நின்றது அவருடைய கிரகக் கோளாறு. "நான் சாட்சிண்ணே" என்றாள் அவள்.

கோட்டை மைதானத்தில் பாடம் தொடங்கியது. இரண்டு பேரும் மாறி மாறி விழுந்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. நாலாவது தடவை விழுந்து எழுந்த பட்டம்மாள், புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவரைப் பார்த்தாள். "அண்ணே, உங்க வூட்லயும் அண்ணி முழுகாம இருக்காங்க. நான் சைக்கிள்ல வரட்டா, நடந்து வரட்டா?" சிரிப்பு டக்கென்று நின்றது. மறுநாள் அந்த அண்ணனே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

விழுந்த வலியிலாவது நிறுத்துவாள் என்று அருணகிரி நம்பியிருந்தார். நிறுத்தவில்லை. ஆகவே திட்டம் போட்டார்.

"மத்தியானச் சோத்தை மண்டிக்குச் சைக்கிள்லயே எடுத்தாந்துடு. ஆறிப்போனா எனக்கு ஆகாது, ஆமா."

முதல் நாள் சோறு ஜில்லென்று வந்தது. ரசத்தில் பாதி ரோட்டுக்குப் போயிருந்தது. அருணகிரி மனசுக்குள் கைதட்டினார். ஆனால் போகப் போகச் சோறு வெதுவெதுப்பாயிற்று. ஒரு நாள் குழம்பு நாக்கைச் சுட்டது. "ஆறிடக் கூடாதுன்னு ஓங்கி மிதிச்சேங்க" என்றாள் பட்டம்மாள் பணிவாக. அவர் நாக்கை வெளியே நீட்டி விசிறிக்கொண்டிருந்தார்.

அடுத்து, கணியம்பாடியில் இருக்கிற அத்தை வீட்டிலிருந்து அரிசியைச் சைக்கிளிலேயே கொண்டுவரச் சொன்னார். இடுப்பு ஒடிந்து படுத்துவிடுவாள் என்று கணக்கு. அவள் மூட்டையோடு வந்து இறங்கி, மூச்சு வாங்காமல், "உளுந்தும் வேணுமா? ஒரு நடை போய்ட்டு வர்றேன்" என்றாள். படுத்துவிட்டவர் அருணகிரிதான்.

கடைசியாக ஒரு பிரம்மாஸ்திரம் மிச்சமிருந்தது. தோல் குமாஸ்தாவுக்கு மட்டுமே தோன்றக்கூடிய அஸ்திரம். மண்டிக் கொல்லையில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு துண்டைக் கேட்டு ஜியாவுதீனிடம் போய் நின்றார்.

"அரே, அது தோலா? பதம் போடறப்ப ஆவாரம்பட்டைத் தண்ணி சரியா குடிக்காத எருமை. பலகையாட்டம் வெறைச்சுக் கெடக்கு. செருப்புக்குக்கூட ஆவாது. உனக்கு இன்னாத்துக்கு?"

"வூட்ல ஒரு பரிசு தரணும், முதலாளி."

"யாருக்கு? வூட்டுக்குள்ள எதிரி யாரு?"

சைக்கிளின் பழைய மெத்தென்ற சீட்டைக் கழற்றிவிட்டு, எருமைத்தோலில் புதுச் சீட்டு தயாரானது. ஆணித் தலைகள் மேலே துருத்திக்கொண்டு நிற்கும்படி அருணகிரியே கவனமாகப் பார்த்துக்கொண்டார். "உனக்கோசரம் மண்டியிலேயே பொறுக்கி எடுத்தது" என்று குழைந்தார்.

பட்டம்மாள் ஏறி உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். ஒரு நிமிஷம் சீட்டைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"பேஷா இருக்கு. உக்காந்தா எழுந்து நிக்கத்தான் தோணுது" என்றாள். கழற்றிய சீட்டைத் துடைத்துப் பரணில் வைத்தாள். அவள் அழவில்லையே என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பரீட்சை நாள் வந்தது. டாக்டரம்மா மேட்டு உச்சியில் குடை பிடித்து நின்றார். அருணகிரி லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மனைவி தோற்பதைப் பார்க்க லீவு போட்ட முதல் குமாஸ்தா அவராகத்தான் இருக்கும்.

விஜயகுமாரி முன்னால் போனாள். அவள் சீட்டு மெத்தென்று இருந்ததால் சுகமாக உட்கார்ந்தே மிதித்தாள். பாதி மேட்டில் சக்கரம் தள்ளாடியது. கால் தரைக்கு வரப் பார்த்தது.

பின்னால் வந்த பட்டம்மாள் உட்காரவே இல்லை. எருமைத்தோல் புண்ணியத்தில் அவள் உட்காருவதையே மறந்து போயிருந்தாள். பெடலின் மேல் எழுந்து நின்று, உடம்பு பாரம் முழுவதையும் காலில் இறக்கி மிதித்தாள். மேடு அவளுக்குக் கீழே பணிந்தது. "எழுந்து நில்லுக்கா! நின்னு மிதி!" என்று அவள் போட்ட சத்தத்தில் விஜயகுமாரியும் எழுந்தாள். இரண்டு பேரும் ஒன்றாக உச்சிக்கு வந்து சேர்ந்தார்கள்.

"இந்த வித்தையை யாரம்மா கற்றுக் கொடுத்தது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எங்க வூட்டுக்காரருங்க. சோறு, அரிசி, சீட்டு, எல்லாம் அவர் யோசனைதான்."

டாக்டரம்மா அருணகிரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களைப் போல ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணவர் இருக்க வேண்டும்" என்றார். அருணகிரி கும்பிட்டார். வேறு என்ன செய்வார்?

மறுநாள் விடியலில் அடுப்படி முழுக்கப் புகை. அருணகிரி குந்தி உட்கார்ந்து ஊதுகுழலில் தம் கட்டிக்கொண்டிருந்தார். பட்டம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, புறப்படத் தயாராக வந்து நின்றாள். பரணிலிருந்த சீட்டு சைக்கிளுக்குத் திரும்பியிருந்தது. எருமைத்தோல் சீட்டு அவள் கையில் இருந்தது. அதை அவருக்குப் பக்கத்தில் போட்டாள்.

"இதுல உக்காந்து ஊதுங்க. மண்டியிலேயே பொறுக்கி எடுத்ததாச்சே."

அருணகிரிக்குக் கண்ணில் நீர் வந்தது. புகைதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். "அப்போ... ஆணிங்க சமாச்சாரம் உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியாம இன்னா?" பட்டம்மாள் சைக்கிளில் ஏறி மணியடித்தாள். "அதான் உங்க போர்டுலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கே, தோல்வி யாபாரம்னு!"