உப்புக் கிணற்றுச் செடிக்கு ஒரு பத்திரம்

தணிகை வேலன் துணை

திருத்தணி, சித்தூர் ஜில்லா,
சர்வதாரி வருஷம் ஆவணி மாதம் 7-ஆம் தேதி.

மகாராஜராஜஸ்ரீ பாவா சடகோபன் அவர்கள் சமுகத்துக்குத் தங்கள் மைத்துனன், பத்திரம் எழுதும் துளசிங்கம், அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் ரஞ்சிதமும் மலையான் தயவில் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் தமயந்தி அக்காவும் சௌக்கியமா என்பதற்கு ஒரு கார்டாவது போடவும். அக்காவின் முழங்காலுக்கு அனுப்பிய தைலம் தீர்ந்திருந்தால் எழுதவும், வேறு சீசா அனுப்புகிறேன்.

நிற்க. பாவா, தாங்கள் நின்றுகொண்டு இதைப் படிப்பதானால் தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளவும். உலகத்தில் இதுவரை ஒருவரும் காணாத ஒரு செடியை நான் கண்டுபிடித்துவிட்டேன். காட்டிலும் இல்லை, மலையிலும் இல்லை, நம் வீட்டு உப்புக் கிணற்றுக்குள்! அந்தச் செடியின் முழு மட்டை ஒன்றும், அதைப் பற்றி நான் எழுதிய பத்திரமும், தாங்கள் கணக்கராக இருக்கும் அதே காலேஜின் தாவர சாஸ்திரப் பேராசிரியருக்குப் பதினைந்து நாளைக்கு முன்பே ரயில் பார்சலில் போயாகிவிட்டன. இனி தாங்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. ஆபீஸ் வேலையை ஒரு மணி நேரம் ஒத்திவைத்து, மாடியேறிப் பேராசிரியரைக் கண்டு, அந்தச் செடிக்குத் துளசிங்கம் என்கிற என் பெயரை வைக்கும்படி சொல்லி, அவர் வைக்கிறவரை பக்கத்திலேயே நிற்கவேண்டும். புதுச் செடிக்கு மனிதர் பெயரை ஒட்டிப் பெயர் வைப்பது உண்டாம், ஒரு தரம் வைத்தால் சூரிய சந்திரர் உள்ளவரை அது நிற்குமாம். இங்கே ஹைஸ்கூல் சயன்ஸ் வாத்தியார் சொன்னார்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆவேசம் என்று தாங்கள் கேட்கமாட்டீர்கள். எனக்கும் ரஞ்சிதத்துக்கும் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆயிற்று, பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லை. முப்பது வருஷமாக ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஊரார் பெயரையும் அவர்கள் அப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் எழுதித் தள்ளுகிறேன். என் பெயர் கடைசிப் பக்கத்தில் ஒரு மூலையில். அந்த மூலையைத்தான் கரையானும் முதலில் தின்கிறது. ஒரு செடியாவது என் பெயரைச் சொல்லிக்கொண்டு இருக்கட்டுமே பாவா. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்கிறேன். ஆனி மாதக் கடைசியில் ரஞ்சிதம் பித்தளைக் குடத்தைக் கிணற்றில் நழுவவிட்டாள். அந்தத் தண்ணீர் குடிக்க உதவாது என்றாலும் குடம் குடம்தானே! கிணறு தூர்வாருகிற எல்லப்பனைக் கூப்பிட்டேன். அவன் பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி அரை நாள் துழாவினான். குடம் மாட்டவில்லை. பிறகு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவனே இறங்கினான். மூன்று ஆள் ஆழத்தில் போய், "நைனா! கொடத்தெக் காணோம். ஆனா இங்கே ஒரு செடி கீது. எம்மாம் பெருசு தெரியுமா! என்னியே முழுங்கிடும் போல கீது!" என்று கத்தினான். "எங்கேடா?" என்று நான் எட்டிப் பார்த்தேன். என் மூக்குக்கண்ணாடியும் குடத்துக்குத் துணையாகப் போய்ச் சேர்ந்தது. ரஞ்சிதம் தலையில் அடித்துக்கொண்டு, "கொடத்தெத் தேட ஆளெ வெச்சா இவரு கண்ணையும் தூக்கிக் கெணத்துல போடறாரு" என்றாள். இந்தக் கடிதத்தைக்கூட அடுத்த வீட்டு அப்துல் ஷுக்கூரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எல்லப்பன் ஒரு மட்டையை வெட்டி மேலே அனுப்பினான். வந்துகொண்டே இருந்தது பாவா, முடிவே இல்லாமல். கூடத்தில் கிடத்தினால் நுனி சமையற்கட்டுக்குள் போய்விட்டது. இலை ஒவ்வொன்றும் செருப்புத் தோல் மாதிரி தடிப்பு. குருத்து ஜிலேபி மாதிரி சுருண்டிருக்கிறது. உச்சியில் உள்ள ஏழெட்டு இலைகளுக்கு மட்டும் அடிப்புறத்தில் செங்காவி நிறத்தில் ஒரு பொடி. பூசணம் என்று நினைத்து ஊதினேன், பத்துத் தும்மல் வந்தது. சயன்ஸ் வாத்தியார் வந்து பார்த்து, "இது பெரணி ஜாதி, சார். பூக்காது, காய்க்காது. அந்தப் பொடிதான் இதுக்கு வித்து. ஆனா இவ்ளோ பெரிய பெரணி இந்த ஊர்ப் பக்கம் நான் பார்த்ததில்லே" என்றார். பூவும் காயும் இல்லாத ஒன்று இத்தனை கம்பீரமாக வளர்ந்திருக்கிறதே என்று எனக்கு அப்போதே அதன்மேல் ஒரு வாஞ்சை விழுந்துவிட்டது.

இந்த ஊர்ப் பக்கம் இல்லை, சரி. வேறு ஊரில் இருந்தால்? இதைக் கண்டுபிடிக்க இன்னொருவன் ஊர் ஊராக ரயில் ஏறியிருப்பான். நான் திருத்தணிக்காரன் அல்லவா? ஆடிக் கிருத்திகைக்குத்தான் உலகமே நம் ஊருக்குக் காவடி எடுத்துக்கொண்டு வருகிறதே! சரவணப் பொய்கைக்கு எதிரே, படிக்கட்டு அடியில், மட்டையைச் சாத்திவைத்துப் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "உங்க ஊர்ல இது கீதா?" என்று கேட்டு எழுதினேன். வேலூர், இல்லை. ஆம்பூர், இல்லை. சேலம், இல்லை. சித்தூர், கடப்பை, பெங்களூர், எல்லாம் இல்லை. தெலுங்கர்களைத் தெலுங்கில் கேட்டேன், லேதன்னா லேது என்றார்கள். மத்தியானத்துக்குள் நூற்று நாற்பத்துமூன்று பேர். அதற்குள் யாரோ மட்டைக்கு விபூதி பூசிவிட்டார்கள். ஒரு அம்மாள் கற்பூரம் காட்டி ஒரு இலையைக் கருக்கிவிட்டாள். இன்னொருத்தி, "சாமி, இதெ அரைச்சுக் குடிச்சா இன்னா தீரும்?" என்றாள். "எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "தெரியாதுன்னு ஒத்துக்கிறாரு பாரு, இவரு மெய்யான சாமி" என்று சொல்லி என் காலில் விழுந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. ஓடி வந்துவிட்டேன். ஆனால் நோட்டுப் புத்தகம் கையில். நூற்று நாற்பத்துமூன்று ஊர் சாட்சி சொல்லிவிட்டது, இது வேறெங்கும் இல்லாத செடி என்று!

வீட்டுக்கு வந்தால் அங்கே ஒரு ஆபத்து காத்திருந்தது. கிணறு எனக்கும் வேர்க்கடலை மண்டி அப்துல் ஷுக்கூருக்கும் பொது என்பது தாங்கள் அறிந்ததே. அவர் வீட்டு வாளிக் கயிறு நாள்தோறும் செடியில் சிக்கி, வாளி பாதி வழியில் கவிழ்ந்துகொண்டிருந்ததாம். மனிதர் மூங்கிலில் அரிவாளைக் கட்டிக் கிணற்றுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறார்! நேரே உள்ளே போய், 'மேற்படி செடிக்கு எவ்வித சேதமும் விளைவிக்கக்கூடாது, விளைவித்தால் அதனால் வரும் கஷ்ட நஷ்டங்களுக்குத் தாங்களே பொறுப்பு' என்று ஒரு நோட்டீஸ் எழுதி அவர் கையில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு அரிவாளைக் கீழே வைத்தார். "துளசிங்கண்ணே, இருவது வருஷமா ஒரே கெணத்துல தண்ணி சேந்தறோம். 'ஷுக்கூரு, வெட்டாதே'ன்னு ஒரு வார்த்தெ சொன்னா ஆவாதா? நோட்டீஸ் எதுக்கு?" என்றார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. அன்றைக்கே அவர் ராட்டினத்தைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் நட்டுக்கொண்டார். அவர் சம்சாரம் மஹ்மூதா மட்டும், "செடிக்கு வழி வுட்டாச்சு, இனிமே நான் வூட்டெச் சுத்திகினு போவணும்" என்று ரஞ்சிதத்திடம் குறைப்பட்டுக்கொண்டாளாம். அது நியாயம்தான்.

பிறகு பத்திரம். ஒரு பொருளை உலகத்துக்கு விவரிப்பது என்றால் என்ன என்று இந்தத் தாவர சாஸ்திரிகளுக்கு நான் காட்டிக்கொடுத்துவிட்டேன், பாவா. எல்லப்பன் உள்ளே தொங்கிக்கொண்டு முழம் போட்டுச் சொல்லச் சொல்ல, நான் மேலே உட்கார்ந்து எழுதினேன். அதன் நகலைத் தங்கள் பார்வைக்கு இங்கே தருகிறேன்:

'சர்வதாரி வருஷம் ஆடி மாதம் 22-ஆம் தேதி, திருத்தணி கசபாவிலிருக்கும் சுப்பன் குமாரன் எல்லப்பன் எழுதிக்கொடுத்த விவரப் பத்திரம் என்னவென்றால், துளசிங்கம், அப்துல் ஷுக்கூர் இருவருக்கும் பொதுவான உப்புக் கிணற்றில் நான் கயிறு கட்டி இறங்கி, என் கையால் வெட்டி எடுத்த செடியாவது. இதற்கு எல்லை, கிழக்கே துவைக்கிற கல், தெற்கே துளசிங்கம் வீட்டுப் புழக்கடை, மேற்கே முருங்கைமரம், வடக்கே ஷுக்கூர் மண்டிச் சுவர். இந்நான்கெல்லைக்குள், தரைமட்டத்துக்கு மூன்று ஆள் கீழே, உள்சுவர்க் கல்லிடுக்கில் நிலைகொண்டது. மட்டைகள் பதினொன்று. மட்டை ஒன்றுக்கு நீளம் நாலரை முழம். இலைகள் இருபத்தொன்பது, இருபுறமும் மாறிமாறி. இலைக்கு நீளம் ஒரு சாண், அகலம் நாலு விரல். உச்சி இலைகள் ஏழுக்கு அடியில் செங்காவிப் பொடி. பூ இல்லை, காய் இல்லை, யாதொரு வில்லங்கமும் இல்லை. இது என் முழு மனசோடு, பிறர் தூண்டுதல் இல்லாமல் எழுதிக்கொடுத்தது.'

கீழே எல்லப்பன் இடது பெருவிரல் ரேகை, சாட்சி அப்துல் ஷுக்கூர், சாட்சி சயன்ஸ் வாத்தியார். கண்டுபிடித்தவன் நான், உள்ளே எல்லப்பன் பெயர் எதற்கு என்று ரஞ்சிதம் கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? நான் இறங்காத கிணற்றில் இறங்கினேன் என்று எழுதினால் அது பொய்ப் பத்திரம் ஆகாதா? முப்பது வருஷத்தில் நான் எழுதிய பத்திரம் ஒன்றுகூடக் கோர்ட்டில் தோற்றதில்லை. செடிக்காக அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்வேனா?

மட்டையைப் பாயில் சுருட்டி, எல்லப்பன் முன்பக்கமும் நான் பின்பக்கமும் தோளில் வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். பஜாரில் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பூக்கடை பங்காரு ஓடிவந்து, "எவுரு நைனா? எப்போ ஆச்சி?" என்று கண் கலங்கினான். செடி என்று சொல்லியும் நம்பாமல் நாலு பேர் ஸ்டேஷன் வரைக்கும் பின்னாலேயே வந்தார்கள். வரட்டும். ஊரே கூடி வழியனுப்பிய செடி இது.

ஆகவே பாவா, தாங்கள் தாமதியாமல் பேராசிரியரைப் பார்க்கவும். பெயர் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். அவர் தன் பெயரை வைத்துக்கொள்ளப் பார்த்தால் பத்திரத்தைக் காட்டவும். எனக்கும் ரஞ்சிதத்துக்கும் தாங்களும் அக்காவும் ஆசி அனுப்பவேண்டியது. அக்கா தைக்கு வரும்போது கிணற்றடிக்குக் கூட்டிப்போய் என் செடியைக் காட்டுவேன் என்று சொல்லவும். மலையான் தங்கள் குடும்பத்துக்குச் சகல மங்களமும் அருள்வாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்
துளசிங்கம்

பின்குறிப்பு: உறைக்குப் பசை தடவும்போது தபால்காரன் வந்துவிட்டான். பேராசிரியரின் கார்டு. நாம் அனுப்பியது கடலோர உப்புச் சேற்றில் பல தேசங்களில் வளர்கிற பெரணியாம். பழவேற்காட்டுப் பக்கம் புதர் புதராகக் கிடக்கிறதாம். இருநூறு வருஷத்துக்கு முன்பே எவனோ வெள்ளைக்காரன் பெயர் வைத்தாகிவிட்டதாம். நூற்று நாற்பத்துமூன்று பேரில் ஒருத்தன்கூடக் கடற்கரைக்காரன் இல்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஆனாலும் கடலுக்கு இத்தனை மைல் உள்ளே ஒரு கிணற்றில் இது வளர்வது அவர்களுக்குப் புதுச் சேதியாம். இவ்வளவு துல்லியமான இட விவரம் இதுவரை யாரும் அனுப்பியதில்லை என்று, பாவா, அச்சடித்த கார்டில் தன் கையால் எழுதியிருக்கிறார். மட்டையைத் தடித்த தாள்களில் ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார்களாம், முன்னூறு வருஷம் இருக்குமாம். விதிப்படி லேபிளில் செடியை எடுத்தவர் பெயரும் உண்டாம். 'எடுத்தவர்: எல்லப்பன், திருத்தணி.'

வயிறு பற்றி எரிந்தது, மறைப்பானேன்! லேபிளைக் கிழித்துவிட்டு என் பெயரை எழுதச் சொல்லவும் என்று தங்களுக்கு எழுத வேறு தாள் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து எல்லப்பன் குடத்தைத் தேட வந்து நின்றான். அந்த எரிச்சலோடேயே அவனுக்குக் கார்டைப் படித்துக் காட்டினேன். அவன் பாதாளக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நைனா, நான் ரேகெ வெச்ச காயிதமெல்லாம் எதெயாவது எடுத்துகினுதான் போச்சி. மேட்டு நெலம் போச்சி, வூட்டு மனெ போச்சி. இது இன்னாத்தெ எடுத்துகினு போவும்?" என்று கேட்டான். அந்த மேட்டு நிலத்துப் பத்திரத்தை எழுதியவன் நான்தான், பாவா. "ஒண்ணும் எடுத்துகினு போவாது எல்லப்பா. உன் பேரு சும்மா அங்கே இருக்கும். முன்னூறு வருஷம்" என்றேன். அவன் நம்பவில்லை. "அப்போ இன்னொரு தபா படிங்க" என்றான். மூன்று தடவை படித்தேன். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் ரத்து செய்துகொள்ளவும். தாங்கள் மாடியேற வேண்டாம். லேபிள் இருக்கிறபடியே இருக்கட்டும்.