கனடாவுக்குத் தைத்த மெத்தைக் கோட்டு

வெளிநாட்டுக்கு நிரந்தரமாகக் குடிபோக முடிவு செய்தவனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். விமானத்தில் ஏறுவதற்கு முன்பே அந்த நாட்டைப் பற்றி எல்லாம் தெரிந்தவனாகிவிடுவான். எனக்கு அது கொஞ்சம் முற்றிப்போய்விட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேன் வேலை, சேலையூரில் வாடகை வீடு. கனடாவில் குடியேற அனுமதி வந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் என் நடையே மாறிப்போனது. பால் வாங்கப் போனால்கூட, "அங்கெல்லாம் பாலை வாசல்ல வெச்சா கல்லாயிடும், தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன். (அதுவரை நான் நேரில் பார்த்த பனி, மார்கழிக் காலையில் ஸ்கூட்டர் சீட்டின் மேல் இருந்த ஈரம் மட்டும்தான்.)

தெரு முழுக்க என்னை நம்பியது. நம்பாத ஒரே ஆள் என் மனைவி வசந்தா. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதற்கும் பயப்படாதவள், குளிர் மட்டும் ஆகாது. மார்கழியில் ஃபேன் லேசாகச் சுற்றினாலே காதை மூடித் துண்டு கட்டிக்கொள்வாள்.

"ஏங்க, நான் வரமாட்டேன்னு சொல்லலை. ஆனா வேலையை விட்டுட்டு, வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறோம். அங்க போய்க் குளிருதுன்னு அழுதா உடனே திரும்பி வந்துட முடியுமா?" என்றாள்.

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்கெல்லாம் என்னிடம் ஒரு பிளான் இருக்கும். கடையில் கிடைத்த ஸ்வெட்டர்கள் ஊட்டிக்குப் போகிறவர்களுக்கானவை. கனடா போகிறவன் ஊட்டி ஸ்வெட்டர் போடுவதா? கோட்டை நானே டிசைன் செய்ய உட்கார்ந்தேன். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் எல்லாம் அளவோடு வரைந்து, தாம்பரம் மார்க்கெட் பக்கம் மெத்தை தைக்கும் காதர் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பாய் படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, தலகாணியா?"

"கோட்டு பாய். உள்ள இலவம்பஞ்சு வெச்சுத் தைக்கணும். கனடாவுக்குப் போறேன்."

பாயின் முகம் மலர்ந்துவிட்டது. "கனடாவுக்கா! அப்ப பஞ்சு டபுளா வெச்சுடறேன் சார். நம்ம கைவேல அந்த ஊர்ல நிக்கணும்ல?"

நின்றது. கோட்டைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தபோது, உள்ளே ஆள் இல்லாமலே அது தானாக நின்றது. நீலக் கோடு போட்ட மெத்தைத் துணி. அதற்குள் சட்டை போட இடமில்லாததால் வெறும் பனியனோடு நுழைந்தேன். கைகள் இரண்டும் மடங்க மறுத்து, கூட்டத்தை விலக்குகிறவன் மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றன. வசந்தா என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். "இதோட பிளேன்ல எப்படி உட்காருவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"முதல்ல டெஸ்ட். அப்புறம் பேசு" என்றேன்.

என்னோடு படித்த கேசவன் பல்லாவரத்தில் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே சரக்கு வைக்கும் குளிர் அறை இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதற்குள் நிற்பதாக அறிவித்தேன். வசந்தாவும் ஒரு வார்த்தை கொடுத்தாள். "பத்து நிமிஷம் நடுங்காம நின்னு காட்டுங்க. மறுபேச்சு பேசாம உங்களோட கிளம்பறேன்."

ஞாயிறன்று தெருவில் பாதிப்பேர் வந்துவிட்டார்கள். (நான்தான் கூப்பிட்டிருந்தேன்.) முதலாளி வெளியூர் போயிருந்த தைரியத்தில் கேசவன் கதவைத் திறந்துவிட்டான்.

"மச்சான், உள்ளேர்ந்து தள்ளினாலே கதவு திறந்துக்கும். பயப்படாதே."

"எனக்கா பயம்?" என்று கையை அசைத்தேன். ஒரு கை அசைந்தால் மற்றதும் சேர்ந்தே அசைந்தது.

உள்ளே போனதும், சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு வியர்த்தது. பாய் வைத்த பஞ்சு அப்படி. அதோடு கதவருகிலேயே நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக எல்லோரும் பார்க்கிறார்களே என்ற பெருமையில், இரண்டு பக்கமும் அலமாரிகள் இருந்த சந்துக்குள் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ராஜா மாதிரி நடந்து கடைசிவரை போனேன். திரும்பினேன். பாதிதான் திரும்ப முடிந்தது. வயிறு ஒரு அலமாரியிலும் முதுகு எதிர் அலமாரியிலும் சிக்கி, அசையாமல் நின்றுவிட்டேன்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. முகத்தைத்தான் நான் டிசைனில் மறந்திருந்தேன். முதலில் மூக்கு மரத்தது. பிறகு காது. பிறகு பற்கள் தாமாகவே தாளம் போட ஆரம்பித்தன. உதவி கேட்டு இரண்டு கைகளையும் ஆட்டினேன். கண்ணாடிக்கு வெளியே எல்லோரும் சந்தோஷமாகத் திருப்பிக் கையாட்டினார்கள். இன்னும் வேகமாக ஆட்டினேன். கைதட்டினார்கள்.

அப்போதுதான் வசந்தாவின் குரல் கேட்டது. "அவர் சிரிக்கலை! சிரிச்சா அவருக்குப் பல்லே தெரியாது!"

அடுத்த நொடி கதவு திறந்தது. காட்டன் புடவையும் ரப்பர் செருப்புமாக அவள் உள்ளே ஓடிவந்து என் கோட்டுக் கையைப் பிடித்தாள்.

"வயித்தை உள்ள இழுங்க!"

"இது வ... வயிறில்ல வசந்தா, ப... பஞ்சு!"

அலமாரியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். தோள்பட்டைத் தையல் சரசரவென்று பிரிந்தது. நான் கோட்டைவிட்டு வெளியே வந்து விழுந்தேன். என்னைவிட வேகமாகப் பஞ்சு வந்தது. மேலே குளிர்காற்று ஊதிக்கொண்டிருந்த பெரிய மின்விசிறிகள் அதை அள்ளி அறை முழுக்க இறைத்தன. அலமாரிமேல், எங்கள் தலைமேல், மெதுவாக, சத்தமில்லாமல், வெள்ளை வெளேரென்று விழுந்துகொண்டே இருந்தது. வசந்தா நிமிர்ந்து பார்த்தாள். அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏங்க, பனி இப்படித்தான் பெய்யுமா?"

அதற்கு நான் பதில் சொல்வதற்குள், வெளியூர் போன முதலாளி திரும்பி வந்து வாசலில் நின்றார். மறுநாள் கல்யாண ரிசப்ஷனுக்காகத் திறந்தபடி இறுகிக்கொண்டிருந்த ஐஸ்கிரீம் தட்டுகளுக்கெல்லாம் நரைத்த தாடி முளைத்திருந்தது. அவர் தாடிகளைப் பார்த்தார், பனியனோடு நின்ற என்னைப் பார்த்தார், பிறகு கேசவனைப் பார்த்தார்.

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம்யா."

கேசவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. நான் முன்னால் போய், "சார், டிசைன் கரெக்ட்தான், காத்தோட்டம்தான்..." என்று தொடங்கினேன். வசந்தா என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டாள்.

"சார், கோட்டு எங்களோடது, தப்பும் எங்களோடது. அவர் வேலையில கை வைக்காதீங்க. இந்த ரூமைத் துடைச்சுக் குடுத்துட்டுத்தான் நாங்க வீட்டுக்குப் போவோம். புதுசா ஐஸ்கிரீம் போடறதுக்கும் கூட நின்னு வேலை செய்யறோம். நாளைக்கு உங்க சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும். அது என் பொறுப்பு."

முதலாளி அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க டீச்சரா?" என்றார்.

"ஆமாம் சார்."

"தெரியுது" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களை வசந்தா வேலையாட்களாக்கினாள். அதிக நேரம் உள்ளே நிற்க முடியாததால், ஆட்களைப் பிரித்து, மாற்றி மாற்றி அனுப்பினாள். அதிக முறை உள்ளே போனது அவள்தான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காதில் துண்டுகூட இல்லாமல், அலமாரி அலமாரியாகத் துடைத்தாள். வெளியே வந்து கையைத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் போனாள். கனடாவுக்கு வழிகாட்டப் புறப்பட்ட நான், கதவுக்கு வெளியே ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிட அதிகமாக, இவள் என் மனைவி என்று எல்லோரிடமும் சொல்லவேண்டும்போல் இருந்தது. (எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் இரண்டு பேரிடம் சொன்னேன்.)

ராத்திரிக்குள் புது ஐஸ்கிரீமும் உள்ளே போனது, கேசவன் வேலையும் தப்பியது. இரவல் சட்டையோடு நான் தாம்பரம் மின்சார ரயிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பெட்டியே வேடிக்கை பார்த்தது. கனடா அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு, "வேணாம்னா விட்டுடலாம் வசந்தா" என்றேன்.

"எதை விடறது? டிக்கெட் எப்போ போடப்போறீங்க?"

"குளிர்?"

"குளிர் இவ்வளவுதான்னு தெரிஞ்சுபோச்சு. என்னைப் பத்திக் கவலை இல்லை. உங்களை அங்க எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னுதான் யோசிக்கிறேன்."

கூட்டிக்கொண்டுதான் போனாள். முதல் குளிர்காலத்தில் ஜன்னலருகே உட்கார்ந்து ஊருக்குத் திரும்பலாமா என்று கேட்டவன் நான். வாசலில் பனியை வாரிக் கொட்டிவிட்டு வந்து, எனக்குக் காபி போட்டுக் கொடுத்தவள் அவள்.

பல வருஷம் கழித்து ஊருக்கு வந்தோம். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஒரு இளம் ஆட்டோக்காரரிடம் எங்கள் பழைய தெருவின் பெயரைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெத்தை சார் வூட்டாண்டையாண்ணா?" என்றார். ஏறி உட்கார்ந்து, வண்டி கிளம்பியதும் கேட்டேன்.

"யாரு அந்த மெத்தை சார்?"

"நான் பாத்ததில்லண்ணா. மெத்தையப் போட்டுகினு ஐஸ் ரூம்ல போய் மாட்டிகினாராம். அவுரு சம்சாரம் மட்டும் இல்லாங்காட்டி அங்கியே ஐஸாயிருப்பாராம். ஏரியால எல்லாரும் சொல்லுவாங்க."

வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இவங்கதான்பா அந்த சம்சாரம்."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, முழுதாகத் திரும்பி, "வணக்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் யார் என்று கடைசிவரை அவர் கேட்கவே இல்லை.